கேமரா கை காட்டினால் போதுமா? வாசகர் கேள்விகள்

எங்கள் வளாகத்துக்கு வரப்போகும் முக அடையாளக் கேமரா 99.9 சதவீதம் துல்லியமாம். அப்புறம் என்ன பயம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 1 லட்சம் பேர் அந்தக் கேமராவைக் கடக்கிறார்கள், தேடப்படுபவர் ஒருவர்கூட அதில் இல்லை என்று வைப்போம். ஆயிரத்துக்கு ஒன்று தவறினாலே 100 அப்பாவிகளை மடக்க வேண்டியிருக்கும், தினமும். அந்தத் தவறும் எல்லோர் மீதும் சமமாக விழாது. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 2019இல் வெளியிட்ட சோதனையில், பல மென்பொருள்கள் ஆசிய, கறுப்பின முகங்களை வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு அதிகமாக வேறொருவர் என்று தவறாகப் பொருத்தின. யாருடைய முகங்களை வைத்துச் சோதித்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

கடைசி முடிவு மனிதர் கையில் என்றால் ஆபத்து இல்லைதானே?

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். 2003 ஈராக் போரில், அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு, கூட்டாளியான பிரிட்டனின் டொர்னாடோ போர் விமானத்தை எதிரி ஏவுகணை என்று காட்டியது. சுடலாமா என்று யோசிக்க அங்கிருந்த வீரர்களுக்குக் கிடைத்தது சுமார் 1 நிமிடம். சுட்டார்கள், விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். முடிவெடுத்தது மனிதர்தான்.

நேரம் இருந்தாலும் சொதப்பலாம். 2025 அக்டோபரில் அமெரிக்காவின் பால்டிமோர் பக்கம், பள்ளி மாணவன் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டைத் துப்பாக்கி என்றது ஒரு ஏஐ கேமரா. பாதுகாப்புப் பிரிவு ஆட்கள் படத்தைப் பார்த்து எச்சரிக்கையை ரத்தும் செய்துவிட்டார்கள். அது தெரியாமல் பள்ளி முதல்வர் தகவல் சொல்லிவிட்டார். போலீஸ் வந்து பையனை மண்டியிட வைத்து விலங்கு மாட்டியது.

நெட்வொர்க்கில் தாக்குதல் வந்தால் ஏஐ தானாகவே துண்டிக்க விடலாமா?

எதைத் துண்டிக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு லேப்டாப்பை நெட்வொர்க்கிலிருந்து கழற்றினால் பத்து நிமிடத்தில் திரும்ப மாட்டலாம், சரி. டேட்டாபேஸ் சர்வரை நிறுத்துவதற்கு ஓர் ஆள் ஒப்புதல் தரட்டும். ஏனென்றால் உங்கள் கருவி எப்படிப் பதறும் என்று தெரிந்தவன் போலித் தாக்குதலைக் காட்டி, உங்கள் கையாலேயே உங்கள் சேவையை மூட வைப்பான். லாக் (கணினியில் நடப்பதெல்லாம் பதிவாகும் குறிப்பு) படிக்கும் வேலையை மொழி மாதிரியிடம் (சாட்ஜிபிடி போன்ற ஏஐ) கொடுத்திருந்தால் இன்னொரு தலைவலி: லாக் வரிக்குள்ளேயே ‘இதைக் கண்டுகொள்ளாதே’ என்று எழுதி அனுப்பினால், அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

இரவு ரோந்துக்குத் தானியங்கி ட்ரோன்?

பார்த்துத் தகவல் சொல்ல மட்டும் என்றால் வாங்குங்கள். ஆளை விரட்டும் மாடல் வேண்டவே வேண்டாம். வாங்கும் முன், பறந்துகொண்டிருக்கும்போதே சிக்னலைத் துண்டித்து, அது என்ன செய்கிறது என்று விற்பவரையே காட்டச் சொல்லுங்கள்.