ஒளிரும் கண்ணாடியோடு கூட்டு ஆய்வுக்கு யாரை, எப்படிக் கேட்பது?

கேள்வி: அரசு உதவி பெறும் கல்லூரியில் பிஎச்.டி. செய்கிறேன். யூரோப்பியம் என்ற அருமண் தனிமம் கலந்த சோடியம் போரேட் (போரான் ஆக்சைடு அடிப்படையிலான) கண்ணாடிகளை எங்கள் மஃபிள் ஃபர்னஸிலேயே உருக்கி வார்க்கிறேன். எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு), ஒளிர்வு ஸ்பெக்ட்ரம் எடுத்தாயிற்று. ஒளிர்வு ஆயுளை, அதாவது ஒளியூட்டலை நிறுத்திய பின் ஒளிர்வு தேய எடுக்கும் நேரத்தை, அளக்கக் கருவி இல்லை. கூட்டு ஆய்வு கேட்டு வெளிநாட்டுப் பேராசிரியர்கள் பலருக்கு மெயில் போட்டேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்கு வேண்டியது ஓர் அளவீடா, கூட்டு ஆய்வா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கடிதத்தைப் பார்த்தால் அளவீடுதான் என்று தோன்றுகிறது. அதற்கு வெளிநாடு தேவையே இல்லை. 2020-ல் தொடங்கிய, ஆய்வுக் கருவிகளைப் பகிரும் ஐ-ஸ்டெம் என்ற மத்திய அரசு இணையதளத்தில் எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று தேடலாம். சென்னை ஐஐடியின் சைஃப் (நுண் பகுப்பாய்வுக் கருவிகள் மையம்) போன்ற இடங்களில் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் கட்டி வாங்கும் அளவீட்டுக்கு நன்றிக் குறிப்பு போதும், ஆசிரியர் பட்டியலில் இடம் தர வேண்டியதில்லை.

ஆனால் பதிவு செய்யும் முன் ஒரு விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். ‘லைஃப்டைம் கருவி’ என்று பல இடங்களில் இருப்பது நானோ செகண்டு கருவி. கரிம மூலக்கூறுகளை அளக்க வாங்கியது. கண்ணாடியில் யூரோப்பியத்தின் ஒளிர்வு ஆயுளோ மில்லி செகண்டு கணக்கு, பெரும்பாலும் 1 முதல் 3 வரை. ஒளித்துடிப்பு ஒரு மைக்ரோ செகண்டுக்கு ஒரு தரம் வந்து விழுந்துகொண்டே இருந்தால் உங்கள் சாம்பிள் அணையவே நேரம் இருக்காது. திரையில் மட்டமான ஒரு கோடுதான் வரும். அதை வைத்து ‘கண்ணாடி ஒளிரவில்லை’ என்று முடிவுகட்டி விடாதீர்கள். மைக்ரோ செகண்டு செனான் ஃபிளாஷ் விளக்கு இருக்கிறதா, 394 நானோமீட்டரில் கிளர்வூட்டி 612-ல் தேய்வைப் பதிவு செய்ய முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள்.

கையில் உள்ள ஸ்பெக்ட்ரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். 590 பக்கம் வருவது காந்த இருமுனைப் பட்டை, 612 பக்கம் வருவது மின் இருமுனைப் பட்டை. இரண்டாவதை முதலாவதால் வகுத்து யூரோப்பியத்தைச் சுற்றியுள்ள இடத்தின் சமச்சீர் பற்றிப் பேசுவதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் 700 பக்கம் இருக்கும் பட்டையில். பல டிடெக்டர்களுக்குச் சிவப்பின் கடைக்கோடியில் உணர்திறன் சரிந்துவிடும். திருத்தம் செய்யாத ஸ்பெக்ட்ரத்திலிருந்து ஜட்-ஓஃபெல்ட் கணக்கு (பட்டைகளின் வலிமையிலிருந்து அயனியின் சூழலை எடைபோடும் முறை) போட்டால், 700 பக்கப் பட்டையிலிருந்து வரும் ஒமேகா-4 மதிப்பு இருக்க வேண்டியதைவிடக் குறைவாகவே வரும். இந்தத் துறையில் ஊறியவர் உங்கள் அட்டவணையில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சரி, கூட்டு ஆய்வுக்கு வருவோம். பதில் வராததற்குக் காரணம் நீங்கள் சிறிய கல்லூரி என்பதாக இருக்க வேண்டியதில்லை. ‘என்னிடம் சாம்பிள் இருக்கிறது, அளந்து தாருங்கள்’ என்ற மெயிலில் எதிராளி யோசிப்பதற்கு எதுவும் இல்லை. ‘டெல்லுரைட் சேர்த்தால் ஃபோனான் ஆற்றல் குறையும், யூரோப்பியம் நன்றாக ஒளிரும்’ என்று எழுதுவதும் எடுபடாது. ஃபோனான் என்பது கண்ணாடியின் அதிர்வு ஆற்றல் பொட்டலம். நிலைகளுக்கு இடையே இடைவெளி சிறிதாக இருந்தால் ஆற்றல் ஒளியாக வராமல் அதிர்வாகப் போய்விடும். யூரோப்பியத்தின் ஒளிரும் நிலைக்கும் அதற்குக் கீழே உள்ள நிலைக்கும் இடைவெளி ஏறக்குறைய 12,000 செ.மீ⁻¹. போரேட்டின் 1,350 செ.மீ⁻¹ ஃபோனானே ஒன்பது சேர்ந்தால்தான் அதைத் தாண்டும். ஃபோனான் விவகாரம் இடைவெளிகள் சிறிதாக உள்ள எர்பியத்துக்குப் பெரியது, யூரோப்பியத்துக்கு அவ்வளவு இல்லை.

உங்கள் கண்ணாடியிலேயே நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. சோடியம் ஏற ஏற போரானின் ஒரு பகுதி மூன்று ஆக்சிஜன் சூழலிலிருந்து நான்கு ஆக்சிஜன் சூழலுக்கு மாறும். ஓர் அளவுக்கு மேல் அந்தப் போக்கே திரும்பிவிடும். யூரோப்பியத்தைச் சுற்றியுள்ள இடமும் கூடவே மாறுகிறதா? ஒளிர்வுப் பக்கத்தை நீங்கள் பார்க்கலாம். போரான் பக்கத்துக்குத் திடநிலை என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) வேண்டும். இப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. பெங்களூரு ஐஐஎஸ்சியில் என்எம்ஆர் மையம் உண்டு. கண்ணாடி என்றால் கொல்கத்தா ஜாதவ்பூரின் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அருமண் கண்ணாடிகளில் காந்திகிராமத்திலிருந்தும் திருப்பதியிலிருந்தும் தொடர்ந்து கட்டுரைகள் வருகின்றன. பக்கத்தில் இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். ஒரு நாள் நேரில் போய்ப் பேசினால் பத்து மெயிலுக்குச் சமம்.

மெயில் அரைப் பக்கம் போதும். கேள்வி, கண்ணாடிகளின் வரிசை, இதுவரை கிடைத்த ஒரு நல்ல வரைபடம், அவரிடம் எதிர்பார்ப்பது. அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்து இந்த எண்ணம் வந்தது என்பதையும் உண்மையாக ஒரு வரி எழுதுங்கள். கைடை சிசியில் வையுங்கள்.

அவர் சம்மதித்தால் அடுத்த வேலை சாம்பிள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ‘60 போரேட்’ என்று டப்பாவில் எழுதினால் அது நீங்கள் எடைபோட்டது, உருகி வந்தது அல்ல. போரிக் அமிலம் நீரை இழந்துதான் ஆக்சைடாகிறது: 1 கிராம் ஆக்சைடுக்கு 1.776 கிராம் அமிலம். அலுமினா குரூசிபிளில் (உருக்கும் கிண்ணத்தில்) உருக்கினால் கொஞ்சம் அலுமினாவும் உருகலில் கரையும், போரான் கொஞ்சம் ஆவியாகும். எந்தக் குரூசிபிள், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், அனீல் செய்தது (உள் இறுக்கம் போக மெல்ல ஆறவிட்டது) எப்படி, உருக்கும் முன்னும் பின்னும் எடை என்ன என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். என்எம்ஆருக்கு யூரோப்பியம் இல்லாத ஜோடிக் கண்ணாடியையும் அதே நாளில், அதே அடுப்பில் வார்த்து வையுங்கள். காந்தப் பண்புள்ள அயனி கோடுகளை அகலப்படுத்தி வேலையைக் கெடுக்கலாம். போரேட் ஈரம் குடிக்கும், பளபளப்பாகத் தேய்த்த முகம் சில நாளிலேயே மங்கிவிடும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய பையில் போடுங்கள். ஒவ்வொன்றிலும் பாதியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் உடையலாம், முடிவு முரண்படலாம்.

யார் யார் ஆசிரியர், முதல் பெயர் யாருடையது, மூலத் தரவு யாரிடம் இருக்கும் என்பதைச் சாம்பிள் கிளம்பும் முன்பே மெயிலில் எழுதி முடித்துவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், இதழ்கள் பயன்படுத்தும் 14 பங்களிப்பு வகைகள் கொண்ட ‘கிரெடிட்’ பட்டியலை இணைத்து, ‘இதில் யாருக்கு எது என்று குறித்துக்கொள்ளலாமா?’ என்று கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அளந்த கோப்புகளைப் படமாக அல்லாமல் எண்களாகவே கேட்டு வாங்குங்கள். தேய்வு வளைவு ஒற்றை அடுக்குக்குறிச் சார்பா, இரட்டையா என்பதை நீங்களே பொருத்திப் பார்க்க அந்த எண்கள் வேண்டும்.