கண்ணில் புள்ளியுள்ள ஈ – கடிதம்

வணக்கம் ஐயா,

பீடோருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை செய்கிறேன். தீம்பார்ச் சாலையோரம் நட்டிருக்கும் டர்னெரா செடிகளின் வெள்ளைப் பூக்களுக்கு வரும் பூச்சிகளைக் கைப்பேசியில் படம் எடுத்துவருகிறேன். தேனீக்கள் என்று நான் சேர்த்துவைத்த படங்களில் பாதிக்கு மேல் ஹோவர்ஃபிளை என்ற ஈக்கள் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். எந்த இனம் என்று கேட்டதற்கு, “இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது” என்று முடித்துவிட்டார். பெயர் தெரியாத பூச்சியைப் படம் எடுத்து என்ன பயன் என்று மனம் சோர்ந்துவிட்டது. விலையுயர்ந்த கேமரா வாங்கினால் பெயரைக் கண்டுபிடித்துவிடலாமா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

ந., பீடோர்

அன்புள்ள ந.,

முதல் படம் அருமையானது. கண் முழுக்கக் கரும்புள்ளிகள் தெளிவாக விழுந்திருக்கின்றன. ஹோவர்ஃபிளை என்ற பூ ஈக்களில் இப்படிப் புள்ளியிட்ட கண், எரிஸ்டலினஸ் என்ற பேரினத்தின் முத்திரை. (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி; குடும்பம் அதைவிடப் பெரியது.) இரு கண்களுக்கும் நடுவே உச்சியில் இடைவெளி தெரிகிறது. ஆகவே அது பெண். பெரும்பாலான இனங்களில் ஆணின் கண்கள் உச்சியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பேரினமும் பாலும் தெரிந்த ஒரு பூச்சியைப் பெயர் தெரியாதது என்று எழுதியிருக்கிறீர்களே!

மூன்றாவது படத்தில் இருப்பது ஈயே அல்ல, கெலுலுட். கொட்டாத அந்தச் சிறு தேனீயின் உணர்கொம்பு நீளமானது, பின்னங்காலில் மகரந்த உருண்டையும் இருக்கிறது. ஈயின் உணர்கொம்பு மிகக் குட்டையானது; இறக்கையும் இரண்டுதான், தேனீக்கு நான்கு.

இரண்டாவது படத்தில்தான் சிக்கல். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒல்லியான உடல். இஸ்கியோடான், அல்லோகிராப்டா, எபிசிர்ஃபஸ் என்று பல பேரினங்கள் நம் பக்கத்தில் இந்தத் தோற்றத்தில் இருக்கின்றன. உடலின் மேல்பக்கம் மட்டும் தெரிகிறது, அதையும் மடங்கிய இறக்கைகள் பாதி மறைத்துவிட்டன. முகம் இல்லை, கால் இல்லை. இதற்கு ஓர் இனப்பெயரைச் சொல்லிவிட்டால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் அது ஊகம். உங்களிடம் முடியாது என்று சொன்னவர் சரியாகவே சொன்னார். காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நீங்கள் சோர்ந்திருக்க மாட்டீர்கள்.

பெயர் என்பது படத்தில் தெரியும் உறுப்புகள் அனுமதிக்கும் எல்லை வரைதான் செல்லலாம். குடும்பத்தில் நிற்க வேண்டியிருந்தால் அங்கே நிற்க வேண்டும், பேரினத்தில் நிற்க வேண்டியிருந்தால் அங்கே. இதில் நான் பிடிவாதக்காரன். பாராகஸ் போன்ற சிறிய ஈக்களில் பல இனங்களை ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். எத்தனை ஆயிரம் ரிங்கிட் கேமராவும் அதைக் காட்டாது. துணிந்து எழுதிய தவறான பெயரைப் பார்த்து அடுத்தவர் தன் படத்துக்கும் அதையே வைப்பார், பிறகு திருத்துவது கடினம். உலகில் பூ ஈக்களின் குடும்பத்தில் விவரிக்கப்பட்டவை மட்டும் 6000 இனங்களுக்கு மேல் என்பதை நினைவில் வையுங்கள்.

நமக்கு இன்னொரு சிரமமும் உண்டு. பிரிட்டனில் 280க்கு மேற்பட்ட பூ ஈ இனங்கள்; படங்களோடு கையேடுகள் கிடைக்கின்றன. 1976இல் தொடங்கிய பதிவுத் திட்டம் ஒன்றுக்கு வேலைக்குப் போகும் சாதாரண மக்களே பதிவுகளை அனுப்பி, எந்த ஈ எங்கே, எந்த மாதத்தில் என்ற வரைபடத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். மலாயாவின் பூ ஈக்களைப் பற்றி விரிவாக எழுதியவர் கனடாவைச் சேர்ந்த சி. எச். கர்ரன், 1928இல். அது அருங்காட்சியகத்து ஊசிகளில் குத்திய பூச்சிகளைப் பார்த்து நிபுணர்களுக்காக எழுதியது. செம்பனைத் தோட்டத்தில், எந்தப் பூவில், காலை எத்தனை மணிக்கு என்று எழுத அன்றாடம் தீம்பாருக்குள் போய்வரும் உங்களைப் போன்றவர்கள் வேண்டும். பேரினப் பெயரோடு நின்றாலும் தேதியும் இடமும் உள்ள பதிவு உண்மையான பதிவு. உயிரினப் படங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் அப்படியே ஏற்றிவையுங்கள், பின்னால் ஒரு நிபுணர் பார்த்து மேலே கொண்டுபோகலாம்.

கேமரா இப்போது வேண்டாம். கைப்பேசியில் மாட்டும் சிறிய குளோசப் லென்ஸ் போதும். மாற வேண்டியது படம் எடுக்கும் முறை. அழகுக்கு ஒரு படம் போதும். அடையாளத்துக்கு ஒரே ஈயின் நான்கு பக்கங்கள் வேண்டும். மேலிருந்து வயிற்றுப் பட்டைகள். பக்கவாட்டில் முகத்தின் புடைப்பும் பின்னங்கால் தொடையும். நேர் எதிரே கண்ணும் முகமும். நான்காவது விரித்த இறக்கை, இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இறக்கையின் நடுவே எந்த நரம்போடும் சேராமல் நீளவாக்கில் ஒரு மெல்லிய மடிப்பு ஓடும். அதைப் பொய் நரம்பு என்பார்கள். ஏறக்குறைய எல்லாப் பூ ஈக்களிலும் அது உண்டு. அதைக் கண்டால் குடும்பத்தில் சந்தேகம் இல்லை. எரிஸ்டலினஸின் இறக்கையில் ஒரு நரம்பு ஆழமாக வளைந்து கீழிறங்கும், அதையும் பாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் நரம்புகள் எழுந்து தெரியும்.

டர்னெரா பூ காலையில் விரிந்து நண்பகலில் சுருங்கிவிடும். ஆகவே காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்த கையோடு போங்கள். வெயில் ஏறாத நேரத்தில் ஈக்கள் மந்தமாக இருக்கும், இலைமேல் உட்கார்ந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளும். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. குனிந்து, பூவின் மட்டத்துக்கு இறங்கி, மெதுவாக நெருங்குங்கள். பறந்துவிட்டால் துரத்த வேண்டாம். அந்தரத்தில் நிற்கும் ஆண் ஈ விலகிப்போனாலும் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும். அங்கேயே குவியத்தை வைத்துக் காத்திருங்கள். இறக்கை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அடிப்பதால் பறக்கும்போது நரம்பு தெரியாது, உட்காரும்வரை பொறுங்கள். மருந்து தெளித்த பகுதிக்குள் மட்டும் எந்தப் படத்துக்காகவும் போகாதீர்கள்.

அந்தச் செடி அங்கே எதற்காக நிற்கிறது என்பது கிராணியான உங்களுக்குத் தெரிந்திருக்கும். செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவின் எதிரிகளான குளவிகளுக்கு அதன் தேன் உணவு. செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட சிறு வண்டு. அதற்கு முன் தோட்டங்களில் நம் பெண்கள் கையால் மகரந்தப் பொடி தூவினார்கள். பூச்சிகளின் உழைப்பு எத்தகையது என்று அவர்களைவிட அறிந்தவர் யார்? பூ ஈக்களின் உழைப்பு வேறு இடத்தில், வீட்டுக் கொல்லையில் நடக்கிறது.

அதைப் பார்க்கத்தான் உங்களை அனுப்ப ஆசைப்படுகிறேன். பயற்றங்கொடியின் நுனியில் கறுப்பு அசுவினி அப்பியிருக்கும் இடத்தில் தேடுங்கள். தனித்தனியாக, வெள்ளை நிறத்தில், அரிசியை விடவும் மிகச் சிறிய நீள்முட்டைகள் இருக்கும். அதிலிருந்து வருவது காலில்லாத, தட்டையான புழு. அசுவினியைத் தூக்கிப் பிடித்து உறிஞ்சிவிட்டுத் தோலை எறியும். இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ் இப்படித்தான் வளர்கிறது. அசுவினியோடு அந்த நுனியைக் கிள்ளி, காற்றோட்டமுள்ள கண்ணாடிப் போத்தலில் வையுங்கள், தினமும் புதிய அசுவினி கொடுங்கள். புழு நீர்த்துளி வடிவக் கூடாக மாறி, சில நாட்களில் ஈ வெளிவரும். இறக்கை உலரும்வரை அசையாமல் நிற்கும். நான்கு பக்கமும் எடுத்துக்கொள்ள அதைவிட நல்ல நேரம் கிடையாது. சில கூடுகளிலிருந்து ஈக்குப் பதில் மெல்லிய குளவி வரும். பூ ஈயின் புழுவுக்குள் முட்டையிடும் குளவிகள் உண்டு. அதையும் படம் எடுத்து, எந்தக் கூட்டிலிருந்து வந்தது என்று தேதியோடு குறித்துவையுங்கள்.

உங்கள் இரண்டாவது படத்து ஈயும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு உண்டு. அதே செடியில் மீண்டும் கண்டால் முகத்தைப் பக்கவாட்டிலும் இறக்கையைத் தனியாகவும் எடுத்து அனுப்புங்கள். பேரினம் வரை சேர்ந்தே பார்ப்போம்.