பழைய கடையில் வாங்கிய படம் யார் வீட்டுப் படம்?

கேள்வி: திருநெல்வேலி டவுனில் ஒரு பழைய சாமான் கடையில், மரச் சட்டம் போட்ட குடும்பப் படம் ஒன்று வாங்கினேன். கணவர் நாற்காலியில், மனைவி நின்றபடி, நடுவில் ஒரு பையன், ஓரத்தில் காதில் பாம்படம் போட்ட பாட்டி. சாம்பல் நிற அட்டையின் அடியில் ஆங்கிலத்தில் புடைப்பெழுத்து. ‘கொழும்பு’ மட்டும் படிக்க முடிகிறது. பின்பலகை பாதி உடைந்திருப்பதால் அட்டையின் பின்புறம் பென்சிலில் ‘ஆனந்த ௵ ஆவணி’ என்றும், பக்கத்தில் ‘௲௯௰’ என்று ஏதோவும் தெரிகிறது. இவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? — ஒரு வாசகர், பாளையங்கோட்டை.

பதில்: கடையில் தொடங்குங்கள், அதுவும் இந்த வாரமே. பழைய வீடு இடிக்கும் இடத்தில் கதவு, நிலை, தூண், உத்தரம் என்று மொத்தமாக எடுக்கும்போது சுவரில் தொங்கிய படங்களும் கூடவே வந்துவிடும். வந்த சரக்கு சீக்கிரம் பிரிந்துபோகும். தேக்கு ஒருவருக்கு, பித்தளை ஒருவருக்கு, படம் உங்களுக்கு. “இது யார் படம்?” என்று கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. தெரியாது என்பார், அல்லது விலைக்குத் தோதாக ஒரு ஜமீன் கதை சொல்வார். வீடு இடித்தது எந்த ஊர், எந்தத் தெரு, அந்த லோடில் வேறு என்ன வந்தது, பாத்திரமெல்லாம் எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

பாத்திரத்தைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் பேர் வெட்டாத பித்தளை, வெண்கலச் சாமான் அபூர்வம். குடம், அண்டா, போணி, குத்துவிளக்கின் அடித்தட்டு எதுவானாலும் விளிம்பை ஒட்டி முன்னெழுத்தும் பேரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். கல்யாணச் சீராக வந்ததென்றால் கொடுத்தவர் பேர், ஊர், சில சமயம் தேதிகூட இருக்கும். களிம்பேறி எழுத்து தெரியாவிட்டால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து உரசினால் தாளில் எழுத்து ஏறிவிடும். ஒரே லோடில் வந்த நாலைந்து பாத்திரங்களில் ஒரே முன்னெழுத்து திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் அந்த வீட்டுக்காரர். மாறி வரும் பேர்கள் பெரும்பாலும் பெண் எடுத்த வீட்டார். தகரப் பெட்டியோடு மொய் நோட்டு ஏதாவது வந்திருந்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். ஒரு குடும்பத்தின் சொந்தபந்தம் முழுவதும் ஊர் பேரோடு அதற்குள் வரிசையாக இருக்கும்.

அடுத்தது சட்டத்தைப் பிரிப்பது. முதலில் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே படத்தைச் சாய்த்துப் பாருங்கள். ஈரம் பட்டதுபோல் கருமையான திட்டுகள் தெரிந்தால் அந்த இடத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊறி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். அப்படி இருந்தால் இழுக்காதீர்கள், தண்ணீரிலும் போடாதீர்கள். கண்ணாடியோடு வைத்தே படமெடுத்துக்கொள்ளலாம். ஒட்டவில்லை என்றால், தடித்த துண்டின் மேல் சட்டத்தைக் குப்புற வைத்து, துருப்பிடித்த ஆணிகளை நோஸ் பிளேயரால் நேராக இழுத்து எடுங்கள். ஆணியை நெம்பினால் சட்டம் விரியும், கண்ணாடி விழும். உள்ளே ஒவ்வொரு அடுக்கையும் எடுப்பதற்கு முன் ஒரு படம் எடுங்கள். சட்டக்காரர் முட்டுக்கொடுத்த செய்தித்தாளும் காலண்டர் அட்டையும் சட்டம் போட்ட காலத்தைச் சொல்லும், படம் எடுத்த காலத்தை அல்ல. 1914 படத்துக்குப் பின்னால் 1950-களின் தாள் இருந்தால் கண்ணாடி உடைந்து மறுபடி சட்டம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி அந்தப் பென்சில் எழுத்து. ‘௵’ என்பது வருஷம் என்பதன் சுருக்கக் குறி. ஆனந்த வருஷம் 60 ஆண்டுச் சுற்றில் 48-ஆவது. ஆகவே அது 1854 ஆகலாம், 1914 ஆகலாம், 1974-உம் ஆகலாம். இந்த இழுபறியைத் தீர்ப்பதுதான் பக்கத்தில் உள்ள ‘௲௯௰’. ௲ ஆயிரம், ௯ ஒன்பது (‘கூ’ மாதிரி இருக்கும்), ௰ பத்து (‘ய’ மாதிரி இருக்கும்). ஆயிரத்து ஒன்பது பத்து, அதாவது 1090. இது கொல்லம் ஆண்டு. திருநெல்வேலிச் சீமையில் பழைய பத்திரம், ஓலை, கணக்கு எல்லாவற்றிலும் புழங்கிய ஆண்டு. இங்கே ஆவணி 1-இல் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். 1090 ஆவணி என்றால் 1914 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. ஆனந்த வருஷமும் கொல்லம் ஆண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன, ஆகவே தவறாகப் படித்திருக்க வாய்ப்பு குறைவு. ஒரு எச்சரிக்கை: அது தபாலில் படம் வந்து சேர்ந்த மாதமாகவும் இருக்கலாம்.

எழுதியதை அப்படியே நம்பிவிடாமல் படத்தையும் விசாரியுங்கள். நகைக்கடையில் கிடைக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சுப் படம், புகைப்படமே அல்ல. காகித நார் தெரிந்து, வெளிச்சப் பகுதி மஞ்சளாகி, நுண்ணிய விரிசலோடு இருந்தால் முட்டை வெண்கருப் பூச்சுக் காகிதம். 1850-களிலிருந்து 1890-கள் வரை அதுதான் பெருவழக்கு. நார் தெரியாமல் வழவழப்பாக இருந்து, சாய்த்துப் பார்க்கும்போது கறுத்த ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு அடித்தால் ஜெலட்டின் வெள்ளிப் படம். 1914-க்குப் பொருந்துவது அதுதான்.

அதே லென்ஸால் பாட்டியையும் ஒருமுறை பாருங்கள். சின்னப் படத்தைப் பெரிதாக்கி, மங்கிய இடங்களில் பென்சிலாலும் மையாலும் ‘டச்சிங்’ செய்வது அன்று ஸ்டூடியோக்களின் அன்றாட வேலை. இல்லாத கோட்டு, இல்லாத சங்கிலி, ஏன், வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டிய ஆள்கூட உண்டு. தோள் விளிம்பில் தூரிகைக் கோடு தெரிகிறதா, பாட்டியின் நிழல் மற்றவர்கள் நிழல் விழும் பக்கமே விழுகிறதா என்று பாருங்கள். நகையை வைத்து ஆண்டு சொல்வது இதனால்தான் ஆபத்து. பாம்படம் ஒரு தலைமுறையைக் காட்டும், ஒரு வருஷத்தைக் காட்டாது. பல சமூகத்துப் பெண்களும் போட்டதுதான். முகத்தையும் நகையையும் பார்த்துச் சாதி சொல்கிறவர்கள் கட்டாயம் வருவார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பாட்டி ஒட்டுவேலை இல்லை என்றால் அதுவே பெரிய தடயம். பிழைப்புக்கு இலங்கை போன ஆண்கள் பலர் தனியாகத்தான் போனார்கள். மூன்று தலைமுறை ஒரே படத்தில், அதுவும் கொழும்பு அட்டையில் என்றால் குடும்பம் அங்கே கொஞ்ச காலமாவது குடியிருந்திருக்க வேண்டும். புடைப்பெழுத்தைப் படிக்க அறையை இருட்டாக்கி, டார்ச்சை அட்டையோடு அட்டையாகப் படுக்கவைத்து, நாலு பக்கத்திலிருந்தும் அடித்துப் படமெடுங்கள். ஒரு பக்கத்து வெளிச்சத்தில் மறையும் எழுத்து மறுபக்கத்து வெளிச்சத்தில் நிழலாக எழும். கொழும்பில் பேர் பெற்ற ஸ்டூடியோக்கள் ஸ்கீன், 1890-இல் தொடங்கிய பிளேட்டே ஆகியவை. சிறு ஸ்டூடியோக்களும் இருந்தன. பேர் கிடைத்தால் பெர்குசன் சிலோன் டைரக்டரியின் அந்தந்த ஆண்டுத் தொகுதியில் தேடுங்கள். பேர் கிடைக்காவிட்டால் பின்னால் தொங்கும் வரைந்த திரையைப் பிடியுங்கள். ஒரே திரை இன்னொரு படத்தில் வந்தால் ஸ்டூடியோ ஒன்றுதான். தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் சேகரித்தவை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தில் (Endangered Archives Programme) பார்க்கக் கிடைக்கின்றன.

கடைக்காரர் ஊரும் தெருவும் சொல்லிவிட்டால் வேலை பாதி முடிந்தது. இடித்த வீட்டின் சர்வே எண்ணைக் கொண்டு வில்லங்கச் சான்று போடுங்கள்; இணையத்தில் வராத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடல் மனு கொடுக்க வேண்டும். விற்றவர், வாங்கியவர் பேர் அதில் வரும். பாத்திரத்தில் கிடைத்த முன்னெழுத்தை இங்கேதான் ஒத்துப் பார்க்க வேண்டும். ‘திருநெல்வேலி ஜில்லா’ என்பதை இன்றைய மாவட்டமாக எடுத்துக்கொண்டால் தவறான அலுவலகத்தில் நிற்பீர்கள். ஸ்ரீவைகுண்டம் 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் போனது, சங்கரன்கோவில் 2019-இல் தென்காசிப் பக்கம் போனது. செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமை, அதன் பழைய கோப்புகளுக்குத் திருவனந்தபுரத்தையும் பார்க்க வேண்டும். கிறிஸ்தவக் குடும்பம் என்று தெரிந்தால் அந்தந்தச் சேகரத்து (சபை வட்டாரத்து) ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் பத்திரத்தைவிட விரைவாக வழிகாட்டும்.

இதற்கிடையே படத்தின் இரண்டு பக்கத்தையும் 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்து, பக்கத்தில் ஒரு அளவுகோலும் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலிகளில் ‘தெளிவாக்க’ வேண்டாம். அவை இல்லாத கண்ணையும் மூக்கையும் கற்பனையாக வரைந்துவிடும். பேரன் பேத்தி பார்த்தாலும் அடையாளம் தெரியாது. லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஜெலட்டின் கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது. இராமபாணப் பூச்சி வராமல் இருக்கச் சுவரைத் தொடாத அலமாரியில், அமிலமில்லாத தாளில் சுற்றி வைத்தால் போதும்.

கடைசியாக, ஊர்க் குழுக்களில் படத்தைப் போடும்போது முன்பக்கத்தை மட்டும் போடுங்கள். கொழும்பு என்பதையும் ஆவணி 1090 என்பதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். “எங்க தாத்தாதான்” என்று நாலு பேர் வருவார்கள், நாலு பேரும் மனதார நம்பித்தான் சொல்வார்கள். அவர்கள் வீட்டில் இலங்கைப் பேச்சு உண்டா என்று நீங்களாகக் கேட்காதீர்கள், அவர்கள் வாயிலிருந்தே வரட்டும். வந்தால், அதே ஆளின் வேறொரு படம் கேட்டு வாங்கி, இரண்டிலும் காது வடிவத்தை ஒத்துப் பாருங்கள். மீசையும் உடம்பும் மாறும், காது மடலின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது. பாட்டியை விட்டுவிடுங்கள், பாம்படம் இழுத்த காதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.