1900-களில் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் மேயர் குழந்தைகளுக்கு ஒரு பவுண்டு பரிசு அறிவித்தது ஏன்?

அன்று இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அதனால்தான். 1904-ல் அந்தக் கம்பளி ஆலை நகரத்துக்கு மேயரான பெஞ்சமின் பிராட்பென்ட், தன் பதவிக்காலத்தில் லாங்வுட் பகுதியில் பிறக்கும் குழந்தை ஓராண்டு பிழைத்திருந்தால் ஒரு பவுண்டு தருவதாக உறுதிச்சீட்டே கொடுத்தார். ஆலைத் தொழிலாளிக்கு அது கிட்டத்தட்ட ஒரு வாரக் கூலி!

பணத்தைவிட, பின்னால் வந்ததுதான் பெரிய விஷயம் என்பேன். பிறப்பைப் பதிவு செய்ய 42 நாள் அவகாசம் இருந்தது. அதற்குள் பல குழந்தைகள் இறந்தே போயிருக்கும். 1906-ல் நகரம் தனிச் சட்டம் வாங்கி, 48 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்றாக்கியது. முதலில் தெரிவிப்பவருக்கு ஒரு ஷில்லிங். தகவல் வந்ததும் பெண் மருத்துவர் வீடு தேடிப் போவார். தாய்ப்பால் கொடுக்கச் சொல்லி வற்புறுத்துவார். அன்றைய பால்புட்டிகள் பலவற்றில் நீளமான ரப்பர் குழாய் இருக்கும். உள்ளே பிரஷ் நுழையாது, பழைய பால் திரிந்து ஒட்டிக் கிடக்கும். கோடையில் ஈயும் சேர்ந்தால் வயிற்றுப்போக்குதான்.

1907-ல் மற்ற ஊர்களும் விரும்பினால் இந்த ஏற்பாட்டை ஏற்கலாம் என்று சட்டம் வந்தது. 1915-ல் அது நாடு முழுக்கக் கட்டாயமானது.