கெர்னலைத் தொடாமல் டிரைவரை எழுப்புவது: ஃப்ரீபிஎஸ்டி கேள்வி பதில்

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் புதிதாகச் செருகிய அட்டை வேலை செய்யவில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலை மறுபடி கம்பைல் செய்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது பழைய காலத்துப் பழக்கம். முதலில், செருகிய அட்டைகளைப் பட்டியலிடும் பிசிஐகான்ஃப் கட்டளையை எல், வி என்ற இரு விருப்பங்களுடன் இயக்கிப் பாருங்கள். ஒரு வரி 'நன்0' என்று தொடங்கினால், சாதனம் கண்ணில் பட்டிருக்கிறது, அதைக் கவனிக்கும் டிரைவர்தான் இல்லை என்று பொருள். உரிய மாட்யூலை, அதாவது ஓடும் கெர்னலில் தனியாகச் சேர்க்கக்கூடிய துண்டை, கேஎல்டிலோட் கட்டளை மூலம் ஏற்றுங்கள். ஏறியதா என்பதைக் கேஎல்டிஸ்டாட் சொல்லும். 2018இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் டெவ்மேட்ச் என்ற கருவி பல சாதனங்களுக்கு இதைத் தானாகவே செய்துவிடுகிறது.

கேள்வி: ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ஏற, எந்தக் கோப்பில் எழுதுவது? லோடர்.கான்ஃப் என்கிறார் ஒருவர், ஆர்சி.கான்ஃப் என்கிறார் இன்னொருவர்.

பதில்: இரண்டுமே சரி, நேரம்தான் வேறு. லோடர்.கான்ஃபில் உள்ளவை கெர்னல் ஓடத் தொடங்கும் முன்பே நினைவகத்துக்கு வந்துவிடும். ஆர்சி.கான்ஃபின் கேஎல்டி_லிஸ்ட் வரியில் உள்ளவை வட்டு மவுண்ட் ஆன பிறகு, அதாவது பயன்படுத்தத் திறக்கப்பட்ட பிறகு, ஏறும். எனவே இயங்குதளம் இருக்கும் ரூட் பகுதியைத் திறக்கவே தேவைப்படும் மாட்யூல், உதாரணமாக இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கானது, லோடர்.கான்ஃபில்தான் இருக்க வேண்டும். மற்றவற்றைக் கேஎல்டி_லிஸ்டில் போடுங்கள். அங்கே ஏற்றுவது வேகமும்கூட. இன்டெல் கிராஃபிக்ஸுக்கான ஐ915கேஎம்எஸ் மாட்யூலை லோடர்.கான்ஃபில் எழுதிவிட்டுத் திரை இருண்டது என்று புலம்புவோர் இன்றும் குறையவில்லை. கையால் திருத்துவதைவிட சிஸ்ஆர்சி கட்டளையால் சேர்ப்பது நல்லது. ஆர்சி.கான்ஃப் ஒரு ஷெல் நிரல், ஒரு மேற்கோள்குறி விடுபட்டாலும் பூட் பாதியில் நின்றுவிடும். நான் ஒரு நள்ளிரவில் கற்றுக்கொண்ட பாடம் அது.

கேள்வி: நின்றுவிட்டால்?

பதில்: பழுதுபார்ப்பதற்கான சிங்கிள் யூசர் நிலையில் நுழையுங்கள். அங்கே ரூட் படிக்க மட்டுமே திறந்திருக்கும். அது யூஎஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் மவுண்ட் கட்டளையை யூ விருப்பத்துடன் ரூட்டுக்குக் கொடுத்து, எழுதும்படி மாற்றிய பிறகு கோப்பைத் திருத்துங்கள். கோளாறு லோடர்.கான்ஃபில் ஏற்றிய மாட்யூலில் என்றால், பூட் மெனுவில் 3ஐ அழுத்தி லோடர் கட்டளை வரிக்கு வாருங்கள். டிசேபிள்-மாட்யூல் என்று மாட்யூலின் பெயரோடு தட்டி, பிறகு பூட் கொடுங்கள்.

கேள்வி: சாதனங்களைப் பற்றிய குறிப்புகள் உள்ள டிவைஸ்.ஹின்ட்ஸ் கோப்பு இன்னும் எதற்கு?

பதில்: பிசிஐ சாதனம் தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும், பழைய ஐஎஸ்ஏ சாதனத்துக்கு அந்தத் திறமை கிடையாது. முகவரியையும் குறுக்கீட்டு எண்ணையும் நாம்தான் சொல்ல வேண்டும். முதல் சீரியல் போர்ட்டுக்கு அந்த எண் வழக்கமாக 4. ஹின்ட்டில் டிசேபிள்ட் என்பதன் மதிப்பு 1 ஆக இருந்தால் அந்தச் சாதனம் முடக்கப்பட்டிருக்கிறது. அந்த வரியை நீக்கி மறுபடி பூட் செய்தால் போதும்.

கேள்வி: பதிப்பை உயர்த்தியதும் மாட்யூல் ஏற மறுக்கிறது.

பதில்: கூடுதல் மென்பொருள் தொகுப்பான போர்ட்ஸிலிருந்து வந்த மாட்யூலா? பழைய கெர்னலுக்காகக் கட்டப்பட்டதாக இருக்கும். கெர்னலை விடுங்கள், புதிய பதிப்புக்கு ஏற்ற அந்த மாட்யூலை மட்டும் மறுபடி நிறுவுங்கள்.