அப்பா பின்னால் நிற்கும் நெத்தலி

கேள்வி: வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தை வாங்க நெட்ஃபிளிக்ஸும் பாரமவுண்டும் போட்டி போட்டதையும், எழுத்தாளர் சங்கமும் தியேட்டர்காரர்களும் கூடாது என்று கொடி பிடித்ததையும் படித்தேன். பெரிய மீன் சின்ன மீனை விழுங்குவது இயற்கைதானே? எதிர்த்து என்ன ஆகப்போகிறது? திருகோணமலையில் இருக்கும் நமக்கு இதில் என்ன?
— வாசகர், உப்புவெளி

பதில்: உப்புவெளிக்காரர் மீனை உதாரணம் காட்டினால் நான் சும்மா இருக்க முடியுமா?

கடலில் பாரை நெத்தலியை விழுங்குகிறது, சரி. ஆனால் எந்தப் பாரையும் வங்கியில் கடன் எடுத்து விழுங்கியதாக நான் கேள்விப்படவில்லை. விழுங்கிய பிறகு அந்தக் கடனை நெத்தலியின் தலையிலேயே கட்டிவிட்டதும் இல்லை. விழுங்கப்பட்ட நெத்தலிக் கூட்டத்தின் தலைவர் மட்டும் கோடிக்கணக்கில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, “இது எல்லோருக்கும் நல்ல நாள்” என்று அறிக்கை விட்டதும் இல்லை. பாரை வயிறு நிறைந்தால் தன் பாட்டில் போய்விடும். அடுத்த காலாண்டுக்கு இன்னும் எத்தனை நெத்தலி என்று அதை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று: உங்கள் கடல் விதி ஹொலிவூட்டில் தலைகீழ். 2025 ஆகஸ்டில் பாரமவுண்டைக் கைக்குள் போட்டுக்கொண்டது ஸ்கைடான்ஸ் என்ற சின்னப் படக் கம்பனி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் நெத்தலி என்று குழந்தைக்கும் தெரியும். டிசம்பர் 5ஆம் திகதி நெட்ஃபிளிக்ஸ், வார்னரின் ஸ்டூடியோவையும் அதன் எச்பிஓ சனலையும் கடன் உட்பட 8,270 கோடி டொலருக்குப் பேசி முடித்ததாக அறிவித்தது. மூன்றே நாளில் பாரமவுண்ட் வந்து, முழு வார்னருக்கும் 10,800 கோடிக்கு மேல் தருகிறேன் என்றது. சந்தை மதிப்பில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய கம்பனிக்கு! பாரமவுண்டின் இன்றைய தலைவர் டேவிட் எலிசன். அவருடைய அப்பா, ஒராக்கிள் என்ற பெரிய மென்பொருள் கம்பனியைத் தொடங்கிய லாரி எலிசன். அப்பா பின்னால் நின்றால் நெத்தலியும் சுறாவை விழுங்கும். இதையும் இயற்கை என்று எழுதினால் எந்த விஞ்ஞான வாத்தியாரும் முழுப் புள்ளி போடமாட்டார்.

சரி, மீனைக் கரைக்கு ஏற்றுவோம். விடியற்காலையில் திருக்கடலூர்ப் பக்கம் போய் நின்றிருக்கிறீர்களா? மணலில் விளைமீனைக் கூறு கூறாகக் கொட்டி வைப்பார்கள். ஐஸ் பெட்டியோடு கொழும்பு லொறிக்காரர் ஒரு பக்கம், டவுன் சந்தைக்காரர் ஒரு பக்கம், சைக்கிளில் பெட்டி கட்டிய வியாபாரி ஒரு பக்கம். மூன்று பேரும் நின்றால் விலை ஏறும். மற்ற இருவரும் வராத நாளில், அதே கூறு, அதே மீன், பாதி விலைக்குப் போகும். லொறிக்காரர் கெட்டவர் என்பதில்லை. கேட்க வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். இயந்திரத்துக்கும் வலைக்கும் முதலாளியிடம் முற்பணம் வாங்கியவரின் பாடு இன்னும் மோசம். அவருடைய மீன் ஏலத்துக்கே வராது. (சுருக்குவலை பற்றி இங்கே ஒரு சொல்லும் எழுதமாட்டேன். போனமுறை எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.)

அமெரிக்க எழுத்தாளர் சங்கம் சொல்வதும் இதைத்தான். கதையை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு முன்பு ஆறு பெரிய ஸ்டூடியோக்களின் கதவு இருந்தது. 2019இல் 7,100 கோடி டொலர் கொடுத்து டிஸ்னி ஃபொக்ஸை வாங்கியது, ஐந்தானது. வார்னரும் போனால் நான்கு. 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வு வாங்கியவர்கள் இவர்கள். வாங்க ஆள் குறைந்தால் அந்த உயர்வை வைத்து என்ன செய்வது? தியேட்டர்காரர்களுக்கும் அதே பயம்: ஸ்டூடியோ குறைந்தால் படம் குறையும். எடுத்த படமும் வரும் என்று நிச்சயமில்லை. டிஸ்கவரியோடு சேர்ந்த கையோடு வார்னர் 2022இல் என்ன செய்தது? படப்பிடிப்பு முடிந்திருந்த ‘பேட்கேர்ள்’ படத்தை வெளியிடாமலே வரிக்கணக்கில் நட்டமாக எழுதிவிட்டது.

எதிர்த்து என்ன ஆகும் என்கிறீர்கள். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஸ்டூடியோக்களின் கையிலிருந்து தியேட்டர்களைப் பிரித்துவிட்டது. அந்தக் கட்டுப்பாடு 2020 வரை நின்றது. இந்தியாவில் ஒன்றாகச் சேர்வதாக இருந்த டிவி கம்பனிகள் சோனியும் ஸீயும் இரண்டு வருடம் நிச்சயதார்த்தம் நடத்திவிட்டு 2024 ஜனவரியில் பிரிந்தன. அதற்காக யாரும் செத்துப்போகவில்லை.

நமக்கு என்ன என்பதுதான் உங்கள் கடைசிக் கேள்வி. மாலையில் உங்கள் வீட்டில் யாரும் விஜய் டிவி பார்ப்பதில்லையா? அது 1994இல் கோல்டன் ஈகிள் என்ற பெயரில் பிறந்தது. பிறகு மதுபான முதலாளி விஜய் மல்லையா வாங்கித் தன் பெயரை வைத்தார். அவரிடமிருந்து யூடிவி, அப்புறம் ஃபொக்ஸின் முதலாளி மர்டொக்கின் ஸ்டார். ஃபொக்ஸோடு சேர்த்து ஸ்டாரும் டிஸ்னி கைக்குப் போனது. 2024 நவம்பரில் அது ரிலையன்ஸ் கூட்டுக்குள் வந்தபோது, கலர்ஸ் தமிழும் அதே வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. முதலாளிகள் இத்தனை பேர் மாறியும் மாமியார் மட்டும் மாறவில்லை. ஒரு சனலில் அழுகிறார்கள் என்று அடுத்த சனலுக்குப் போனால், அங்கே அழுகிறவருக்கும் அதே முதலாளிதான் சம்பளம் கொடுக்கிறார். இதையாவது இந்தியப் போட்டி ஆணைக்குழு கூப்பிட்டு விசாரித்து, நிபந்தனை போட்டுத்தான் விட்டது.

நம் நாட்டுக் கதையைக் கேளுங்கள். கம்பனிகள் சேர்வதைக் கேள்வி கேட்க நம்மிடம் 1987இல் ஒரு சட்டம் வந்தது. 2003இல் நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது பழையதை நீக்கினார்கள். சேர்க்கையைத் தடுக்கும் அதிகாரம் புதியதில் இல்லை. அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை போடலாம், போத்தல் தண்ணீருக்குப் போடலாம். நாளைக்கு இரண்டு சனல்கள் ஒன்றாகிறோம் என்றால், அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு வாழ்த்து அட்டைதான் அனுப்பலாம்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால், “இலங்கைச் சனல்களில் நம் ஊர்த் தமிழ் நாடகம் ஏன் வருவதில்லை?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது தனிக் கேள்வி. தனி முத்திரை ஒட்டி அனுப்பவும்.