மராமத்துக்குக் கடன் வாங்குமுன் மூட்டைக் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: அம்பாசமுத்திரம் அருகே என் தந்தை 1987-இல் கட்டி எனக்குக் கொடுத்த வீட்டில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் வசிக்கிறோம். கான்கிரீட் தளம் 800 சதுர அடி. சென்ற கார்த்திகை மழையில் பட்டாசலில் (கூடத்தில்) தண்ணீர் ஒழுகியது. அடுக்களைக் கூரையில் காரை பெயர்ந்து விழுந்து கம்பி வெளியே தெரிகிறது. ஒப்பந்தக்காரர் ஒருவர் மொட்டைமாடி வேலைக்கு 1,90,000, பூச்சு வேலைக்கு 85,000, தரை டைல்ஸுக்கு 1,45,000, அடுக்களையில் கிரானைட் மேடைக்கும் அலமாரிகளுக்கும் 1,20,000, பெயிண்டுக்கு 1,10,000, இதரச் செலவுக்கு 30,000 என மொத்தம் 6,80,000 ரூபாய் கேட்கிறார். பாதியை முன்பணமாகத் தர வேண்டுமாம். 1,200 சதுர அடி பூச்சுக்கும் 500 சதுர அடி தரைக்கும் சேர்த்து சிமெண்ட் 45 மூட்டை, மணல் 3 யூனிட் (300 கன அடி), டைல்ஸ் 32 பெட்டி என்று எழுதித் தந்திருக்கிறார். இப்போது இருப்பது சிவப்புச் சிமெண்ட் தரை. இரண்டு இடங்களில் வெடிப்பு உண்டு. எங்கள் மாத வருமானம் 52,000, செலவு 36,000. வங்கியில் நிரந்தர வைப்பு 2,50,000, அவசரத்துக்கு என்று 1,50,000, பத்து பவுன் நகை ஆகியவை கையிருப்பு. சேமிப்பு இரண்டையும் எடுத்து, 14 சதவீத வட்டியில் 3,00,000 ரூபாய் தனிநபர் கடனும் வாங்கி, எல்லா வேலையையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாமா? பொருள்களில் எதைக் குறைக்கலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, எல்லா வேலையையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம், அந்தக் கடனும் இப்போது வேண்டாம். நீங்கள் அனுப்பிய பட்டியலில் உள்ள ஆறு வேலைகளில் இரண்டு மட்டுமே காத்திருக்க முடியாதவை. மொட்டைமாடியையும், காரை பெயர்ந்த கூரையையும் தள்ளிப்போட்டால் அடுத்த மழையில் செலவு கூடும். தரை, அடுக்களை மேடை, அலமாரி, பெயிண்ட் ஆகியவற்றை ஓராண்டு தள்ளிப்போட்டால் மனக்குறை இருக்குமே தவிர, வீட்டுக்கு ஒரு சேதமும் வராது. அந்த இரண்டு வேலைகளுக்கும் ஒப்பந்தக்காரர் கணக்குப்படியே 2,75,000 ரூபாய்தான் ஆகிறது. நிரந்தர வைப்பில் 2,50,000 இருக்கிறது. மாதம் 16,000 ரூபாய் மிச்சம் பிடிக்கும் குடும்பம், மீதி 25,000 ரூபாயை இரண்டு மாதத்தில் சேர்த்துவிடும்.

வைப்பை முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டியில் சிறிது குறைப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் 3,00,000 ரூபாயை 14 சதவீதத்தில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 6,980 ரூபாய், மொத்த வட்டி 1,19,000 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வரும். வைப்பை உடைப்பதால் இழக்கும் தொகை இதன் அருகில்கூட வராது. அவசரத்துக்கு வைத்திருக்கும் 1,50,000 உங்கள் வீட்டின் நான்கு மாதச் செலவு. அதைத் தொடாதீர்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தால், நல்ல டைல்ஸ் பதித்த தரையை விற்றுப் பணமாக்க முடியாது.

இனிப் பொருள் கணக்கு. பலர் விலையைப் பேசிக் குறைப்பதில் காட்டும் அக்கறையை அளவைச் சரிபார்ப்பதில் காட்டுவதில்லை. மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைத்துவிட்டுப் பதினைந்து மூட்டை கூடுதலாக வாங்கினால் என்ன பயன்? பூச்சு வேலையில், அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான 12 மில்லிமீட்டர் கனத்தில், ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்ற கலவையில், சேதாரம் உட்பட 100 சதுர அடிக்கு ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவான சிமெண்டும் ஏறத்தாழ 5 கன அடி மணலும் போதும். பழைய காரையைக் கொத்தி எடுத்த சுவர் மேடு பள்ளமாக இருக்கும் என்பதால் கனத்தை 18 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 1,200 சதுர அடிக்கு 15 மூட்டை, 92 கன அடி மணல். தரைக்கு டைல்ஸின் கீழே ஒன்றரை அங்குலக் கலவை, ஒன்றுக்கு ஆறு என்று போட்டால், 500 சதுர அடிக்கு 10 மூட்டையும் 70 கன அடி மணலும் ஆகும். ஆக 25 மூட்டை, கூடுதலாக வைத்தாலும் 27. மணல் ஒன்றே முக்கால் யூனிட்டுக்குள். உங்களுக்குத் தந்த பட்டியலில் 45 மூட்டை, 3 யூனிட் என்று இருக்கிறது. ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. நடுவில் பொருள் தீர்ந்துவிடக் கூடாது என்று தாராளமாக எழுதுகிற பழக்கமும் உண்டு. எந்த வேலைக்கு எத்தனை அங்குலக் கனம், என்ன கலவை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதைச் சொல்லத் தயங்குகிறவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

டைல்ஸில் கணக்கு எதிர்ப்பக்கம் தவறியிருக்கிறது. இரண்டுக்கு இரண்டு என்று கடையில் சொல்லும் டைல் உண்மையில் 600 மில்லிமீட்டர் சதுரம்; இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. நான்கு டைல் கொண்ட ஒரு பெட்டி 16 சதுர அடி அன்று, பதினைந்தரைதான். 32 பெட்டி வாங்கினால் 496 சதுர அடி. வெட்டும் சேதாரத்துக்கு ஒரு துண்டுகூட மிஞ்சாது. என்றைக்கு வாங்கினாலும் 35 பெட்டி வாங்குங்கள், எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். குறைகிற மூன்று பெட்டியைப் பிறகு தேடிப்போனால் நிறம் ஒத்துவராது.

ஆனால் என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அந்தச் சிவப்புத் தரையை உடைக்கவே வேண்டாம் என்பேன். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் உழைத்த தரை, பங்குனி வெயிலில் வெறுங்காலுக்குக் குளிர்ச்சி தருவது, இரண்டு வெடிப்புக்காக இடித்துத் தள்ளுவதற்கு உரியதன்று. தட்டிப் பார்த்து உள்ளே வெற்றொலி கேட்காத இடமெல்லாம் நல்ல தரைதான். வெடிப்பை மட்டும் வெட்டி அடைத்து மெருகேற்றத் தெரிந்த பழைய கொத்தனார்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

மொட்டைமாடிக்குத்தான் யோசித்துச் செலவழிக்க வேண்டும். அதற்கு மொத்தமாக 1,90,000 என்று மட்டும் எழுதியிருப்பது போதாது. பழைய தட்டோட்டின் (மாடியில் பதித்த சுட்ட ஓட்டின்) மேலேயே புதுக் கலவை கொட்டி டைல் பதிப்பதாக இருந்தால் சம்மதிக்காதீர்கள். ஓர் அங்குலக் கலவை சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ எடை. 800 சதுர அடிக்கு அது 4 டன். கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் தளத்தின் தலையில் ஏற்றக்கூடிய பாரம் அன்று அது. பழையதைப் பெயர்த்துவிட்டு, தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பார்த்த பிறகே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையிலும், வடிகால் குழாயின் வாயிலும்தான் கோளாறு இருக்கும். குழாயை நோக்கிப் பத்தடிக்கு இரண்டு அங்குல வாட்டம் இல்லாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த நீர்த்தடுப்பு மருந்து பூசினாலும் தேங்கிய தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். வேலை முடிந்ததும் குழாய் வாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்த பிறகே அந்த வேலைக்கான தவணை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடுக்களைக் கூரையில் தெரியும் கம்பியை அப்படியே வைத்துப் பூசி மூடினால் இரண்டு, மூன்று மழையில் அதே இடம் மீண்டும் விழும். தளர்ந்த காரையை முழுக்கத் தட்டி எடுத்து, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூசி, அதற்குரிய பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். கம்பியின் பருமன் கண்ணுக்குத் தெரியும்படி தேய்ந்திருந்தால் அது கொத்தனார் தீர்மானிக்கும் விஷயமே அன்று. கட்டடப் பொறியாளர் ஒருவரை ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள். இந்த மராமத்து முழுவதிலும் மிகக் குறைந்த செலவு அவருக்குத் தரும் கட்டணமாகத்தான் இருக்கும்.

சிமெண்ட் வாங்கும்போது மூட்டையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரத்தைப் பாருங்கள். மூன்று மாதம் கிடந்த சிமெண்ட் தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடக்கூடும் என்பதால், பத்துப் பத்து மூட்டையாக வாங்கிப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பூச்சுக்கு, சாம்பல் போன்ற பொருள் கலந்த பிபிசி (போர்ட்லாண்ட் பொசோலானா) வகைச் சிமெண்ட் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. உங்கள் மதிப்பீட்டில் உள்ள விலை அதற்கு முந்தையதா என்று கேளுங்கள்.

மணலில் ஒரு எச்சரிக்கை. தாமிரபரணியில் மணல் அள்ள உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2010-இல் தடை விதித்தது. இன்றும் அசல் ஆற்று மணல் என்று சொல்லி யாராவது கூடுதல் விலைக்கு இரவில் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், பணத்துக்காக மட்டும் அல்லாமல் ஆற்றுக்காகவும் மறுத்துவிடுங்கள். கருங்கல்லை உடைத்து அரைத்துச் செய்யும் மணலில், பூச்சுக்கு நயமான பி-சாண்ட், கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட் போதுமானவை. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரி வந்ததும் கொட்டச் சொல்லாமல், உள் நீளத்தையும் அகலத்தையும் டேப் வைத்து அளந்து, ஒரு கம்பியை நான்கு மூலையிலும் நடுவிலும் குத்தி உயரத்தின் சராசரியை எடுங்கள். பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டரை அடி உயரம் என்றால் ஒன்றரை யூனிட். ஈர மணல் உப்பிக் காட்டும்; காய்ந்த மணலைவிட அளவு 20 சதவீதத்துக்கு மேலும் கூடித் தெரியலாம். ஈரத்தோடு வரும் சுமைக்கு முழு விலை தர வேண்டியதில்லை.

பாதி முன்பணம் தராதீர்கள். பொருளை நீங்களே பில்லோடு வாங்கி, கூலியை மட்டும் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பத்து சதவீதம் முன்பணம், வேலை முடிய முடியத் தவணை, கடைசிப் பத்து சதவீதம் ஐப்பசி மழை ஒன்று பெய்து தளம் தாங்கிய பிறகு என்று வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மொட்டைமாடி வேலை மாசி, பங்குனிக்குள் முடியட்டும். கடும் வெயில் என்பதால் புதுக் கலவைக்குக் குறைந்தது ஒரு வாரம் நாள் முழுவதும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயிண்டை அடுத்த தை மாதத்துக்கு வைத்துக்கொண்டால், மழை தளத்தைச் சோதித்திருக்கும், சுவரும் நன்றாகக் காய்ந்திருக்கும், மாதம் 16,000 வீதம் கையில் பணமும் சேர்ந்திருக்கும்.

பொறியாளர் பார்த்துவிட்டுத் தளத்தின் ஒரு பகுதியை மாற்ற வேண்டும் என்று சொன்னால் மட்டும் கடனைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் தனிநபர் கடனை விட்டுவிட்டு வங்கியின் வீட்டு மராமத்துக் கடனைக் கேளுங்கள். அதே 3,00,000 ரூபாய் 9.5 சதவீதத்தில் கிடைத்தால் தவணை 6,300, மொத்த வட்டி ஏறத்தாழ 78,000. நாற்பதாயிரம் ரூபாய் மிச்சம். பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்கு இந்த வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிவும் உண்டு. புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அது கிடையாது. இந்தக் கடனுக்கு வீட்டுப் பத்திரமும் பட்டாவும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தந்தை வாய்மொழியாகக் கொடுத்துப் பத்திரம் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், கடன் தேவைப்படுகிறதோ இல்லையோ, அதை மாற்றும் வேலையை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.